ஐந்தாவது ஆள்

திருக்குறளில் 95ஆவது அதிகாரம் ‘மருந்து’. அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் வைத்தியத்தை நான்காகப் பிரித்துக் காட்டுகிறார்: நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்தில் இருந்து அந்த மருந்தைக் கொடுத்துக் கவனிப்பவர். எங்கள் தமிழ் ஆசிரியை இதைப் படிப்பித்த அன்று, “இந்த நான்கில் ஒன்று பிழைத்தாலும் வைத்தியம் பிழைத்துவிடும், பிள்ளைகள்” என்றார். நான் கையை உயர்த்தவில்லை. ஆனால் கொப்பியின் ஓரத்தில் 5 என்று எழுதி, அதற்கு நேரே ஒரு கேள்விக்குறி போட்டேன். அந்த ஐந்தாவது ஆளாக நான் ஒருமுறை இருந்திருக்கிறேன். அந்த வேலையை நான் ஒழுங்காகச் செய்யவுமில்லை.

எனக்கு அப்போது 14 வயது. காத்தான்குடியிலிருந்து உம்மம்மா வெள்ளவத்தையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தார். பிரஷரும் சீனியும் அவருக்கு நெடுநாளாக உண்டு. கொழும்பில் ஒரு வைத்தியசாலையில் கிளினிக்குக்குப் பதிந்தோம். உம்மாவுக்குச் சிங்களம் கடைச் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் வரும். வாப்பா புறக்கோட்டைக் கடையை விட்டு வரமுடியாது. வீட்டில் சிங்களம் சரளமாகப் பேசுபவள் நான். ஆகவே பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டு நானும் போனேன்.

முதல் நாள் இரவு உம்மம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, “மகள், எனக்கு ஒரு மாசமாத் தொழுகை இல்ல. அத டொக்டரிட்டச் சொல்லு” என்றார். அதன் பொருள் நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு வயது 60ஐத் தாண்டியிருந்தது. இரத்தம் நின்று பத்துப் பதினைந்து வருடத்துக்குப் பிறகு திரும்பவும் போகிறது என்பதைத்தான் சொன்னார்.

மறுநாள் கிளினிக்கில் ஒரே கூட்டம். இளம் ஆண் வைத்தியர். அவருக்குப் பின்னால் வைத்திய மாணவர்கள் இரண்டு பேர். பிரஷர் பார்த்தார், மருந்து எழுதினார், வேறு ஏதும் வருத்தம் இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டார். நல்ல மனிதர், அவசரப்படுத்தவும் இல்லை. உம்மம்மா என் முழங்கையைத் தொட்டு, “சொல்லு மகள்” என்றார். நான் அந்த மாணவர்களைப் பார்த்தேன். பிறகு “பட ரிதெனவா” என்றேன், வயிறு நோகிறதாம் என்று. வயிற்றுக்குக் குளிசை எழுதித் தந்தார். வெளியே வந்ததும் உம்மம்மா “சொன்னியா?” என்று கேட்டார். “சொன்னேன்” என்றேன்.

அதன்பின் நான்கு மாதம் போய், ஊரிலே ஒரு பெண் வைத்தியர் தமிழில் நேரடியாகக் கேட்டபோதுதான் உண்மை வெளியே வந்தது. கர்ப்பப்பையில் புற்றுநோய். கர்ப்பப்பையை எடுத்தார்கள், கதிர்ச் சிகிச்சையும் கொடுத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், உம்மம்மா இன்றும் இருக்கிறார். மாதவிடாய் நின்ற பின் இரத்தம் போனால் உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்பது எனக்கு அன்று தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த மாணவர்களுக்கு முன்னால் சொல்லியிருப்பேனா என்பதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

சொந்த நாட்டில், குடியுரிமையோடு, பணம் கேட்காத அரசாங்க வைத்தியசாலையில் நடந்தது இது. தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் சொல்கிறது. கிளினிக் வாசலில் தமிழில் பெயர்ப்பலகையும் இருந்தது. அப்படியிருக்க, நேற்று விமானத்தில் வந்து இறங்கிய ஒருவர் அந்நிய நாட்டில் வைத்தியரின் முன் உட்காரும்போது என்ன நடக்கும்? இந்தக் கட்டுரைக்காக நான் தேடிப் படித்ததும் தெரிந்தவர்களிடம் கேட்டதும் இதைத்தான்.

எங்கள் வீட்டிலிருந்து காலி வீதிக்கு ஏறினால் வரிசையாக வீசா ஆலோசனை நிலையங்கள். விமானச் சீட்டு எவ்வளவு, ஆங்கிலப் பரீட்சைக்கு எவ்வளவு, வங்கியில் எவ்வளவு காட்ட வேண்டும் என்று எல்லாம் சொல்வார்கள். போன இடத்தில் காய்ச்சல் வந்தால் யாரிடம் போவது என்று அங்கே யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. என் சாச்சியும் அப்படித்தான் 2021இல் கணவரிடம் லண்டன் போனார்.

பிரித்தானியாவில் வைத்தியம் இலவசம் என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். அது பொய்யல்ல. ஆனால் வெளியிலிருந்து ஆறு மாதத்துக்கு மேற்பட்ட வீசாவில் போகிறவர் வீசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே சுகாதாரத்துக்கென ஒரு மேலதிகக் கட்டணத்தை முன்கூட்டிச் செலுத்த வேண்டும். 2015இல் தொடங்கியபோது அது வருடத்துக்கு 200 பவுண். 2019இல் 400, 2020இல் 624, 2024 பெப்ரவரியிலிருந்து 1,035. சாச்சியின் 33 மாத வீசாவுக்கு மொத்தம் 1,872 பவுண் ஆனது. இந்த எண்ணை நினைவில் வையுங்கள், வேறொரு இடத்தில் திரும்ப வரும். அகதி அந்தஸ்துக் கோருவோருக்கு இந்தக் கட்டணம் இல்லை. குடும்ப வைத்தியரிடம் பதிவதற்கு அடையாள அட்டையோ முகவரிச் சான்றோ கட்டாயம் இல்லை என்பதும் அங்குள்ள விதி. ஆயினும் பதிவு மேசையில் இருப்பவர் கேட்கிறார். கேட்டால் புதிதாக வந்தவர் பயந்து திரும்பிவிடுகிறார்.

கடதாசிக்கு எவ்வளவு பலம் என்பதற்கு 2018இல் பிரித்தானியப் பத்திரிகைகளில் வந்த ஒரு சம்பவம் போதும். சிறுவயதில் ஜமேக்காவிலிருந்து வந்து 44 வருடமாக லண்டனில் வாழ்ந்த ஒருவருக்குப் புற்றுநோய். கதிர்ச் சிகிச்சைக்குப் போன இடத்தில், பிரித்தானியக் கடவுச்சீட்டைக் காட்டு, இல்லையேல் 54,000 பவுண் கட்டு என்றார்கள். அவரிடம் இரண்டும் இல்லை. பெரிய எதிர்ப்பு எழுந்த பிறகே அவருக்குச் சிகிச்சை கிடைத்தது. 44 வருடம் ஆங்கிலம் பேசி வாழ்ந்தவருக்கே இப்படி.

பணமும் கடதாசியும் சாச்சியிடம் இருந்தன. ஆகவே அவருக்கு வந்த சிக்கல் வேறு. அதை அவர் சிரித்துச் சிரித்துத்தான் தொலைபேசியில் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அங்கே ஆங்கிலம் தெரியாத நோயாளிக்கு உரைபெயர்ப்பாளரை இலவசமாகத் தருவார்கள். பெரும்பாலும் அவர் தொலைபேசியின் மறுமுனையில் இருப்பார். சாச்சிக்குக் கிடைத்தவர் தமிழ்நாட்டுக்காரர். சாச்சி, “எனக்கு ரெண்டு கிழமையா வருத்தம்” என்றாராம். அவர், “என்ன வருத்தம் அம்மா, வீட்டில் ஏதும் பிரச்சினையா?” என்று அன்பாகக் கேட்டாராம். நமக்கு வருத்தம் என்றால் நோய். தமிழ்நாட்டில் வருத்தம் என்றால் மனக்கவலை. நமக்குக் கிழமை என்றால் ஏழு நாள். அங்கே திங்கட்கிழமை, செவ்வாய்க்கிழமை என்று நாளின் பெயரோடு மட்டும் வரும். வைத்தியர் சாச்சியிடம் நித்திரை வருகிறதா, அழுகை வருகிறதா என்று கேட்கத் தொடங்கினாராம். சாச்சிக்கு இருந்தது சத்தியும் வயிற்றோட்டமும். ‘சத்தி’ என்றதும் உரைபெயர்ப்பாளர் மேலும் குழம்பிப்போனார். அவர்களுக்கு அது வாந்தி.

இதைக் கேட்ட பிறகு நான் ஒரு கொப்பியில் இப்படிப்பட்ட சொற்களைச் சேர்க்கத் தொடங்கினேன். நாம் ‘நோகுது’ என்கிறோம், அவர்கள் ‘வலிக்குது’ என்கிறார்கள். நமக்குத் தடிமன் பிடிக்கிறது, அவர்களுக்குச் சளி பிடிக்கிறது. நமது குளிசை அவர்களுக்கு மாத்திரை. யாழ்ப்பாணத்தவர் ஒரு பெண்ணைப் பற்றி ‘முழுகாமல் இருக்கிறா’ என்றால் அவர் கர்ப்பமாக இருக்கிறார் என்று பொருள். அதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் ஆக்கினால், குளிக்காமல் இருக்கிறார் என்று வைத்தியர் எழுதிக்கொள்வார். ‘தொழுகை இல்லை’ என்பதை முஸ்லிம் அல்லாத ஓர் உரைபெயர்ப்பாளர், அதுவும் ஓர் ஆண், எப்படி மாற்றுவார்? பிரார்த்தனையில் மனம் ஈடுபடவில்லை என்றுதானே? கடைசியில் மனநோய்க்கு மருந்து எழுதினாலும் எழுதுவார்கள்.

ஒரு சொல்லால் என்ன ஆகிவிடும் என்று நினைக்கலாம். 1980இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கியூபாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் 18 வயதுப் பிள்ளையை நினைவிழந்த நிலையில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நஞ்சாகிவிட்டது என்று நினைத்த குடும்பத்தார் ‘இன்டொக்சிகாடோ’ என்ற ஸ்பானியச் சொல்லைச் சொன்னார்கள். அதே ஒலிகொண்ட ஆங்கிலச் சொல்லுக்குப் போதையில் இருப்பவர் என்று பொருள். வைத்தியர்கள் போதைப்பொருளை அளவுக்கு மீறி எடுத்துவிட்டான் என்று எண்ணி அதற்கு வைத்தியம் பார்த்தார்கள். உண்மையில் அவனுடைய மூளைக்குள் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்கும்போது காலம் கடந்துவிட்டது. கைகால் நான்கும் செயலிழந்தன. பிறகு வழக்கில், அவன் வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து ஏறத்தாழ 71 மில்லியன் டொலர் நட்டஈடு என்று முடிவானது. இதில் எனக்கு முக்கியமாகப்பட்டது, அன்று யாரும் உரைபெயர்ப்பாளரைக் கேட்கவில்லை என்பது. இரண்டு பக்கத்தாருமே தமக்கு விளங்கிவிட்டது என்று நினைத்திருந்தார்கள்.

சாச்சி அந்த உரைபெயர்ப்பாளரை அதன்பின் கூப்பிடவில்லை. அவருடைய மூத்த மகள், என் தங்கச்சி முறையானவள், 11 வயது, ஆங்கிலத்தில் கெட்டிக்காரி. அவள்தான் இப்போது எல்லா இடத்துக்கும் போகிறாள். பிரித்தானியச் சுகாதார சேவை 2018இல் வெளியிட்ட வழிகாட்டி, பிள்ளைகளை உரைபெயர்ப்பாளராக வைக்கக்கூடாது என்று சொல்கிறது. அதைச் சொன்னபோது சாச்சி, “அப்ப யார வைக்கச் சொல்றாங்க? அந்த மனிசனையா?” என்று கேட்டார். போன மாதம் அந்தப் பிள்ளை எனக்கு வட்ஸ்அப்பில், “ராத்தா, உம்மா ஒன்று சொல்றா, எனக்கு வெட்கமா இருக்கு, வேற மாதிரிச் சொன்னால் பரவாயில்லையா?” என்று எழுதியிருந்தாள். நான் உடனே தொலைபேசி எடுத்தேன். என்ன பேசினோம் என்பது இங்கே வேண்டாம்.

இந்த ஐந்தாவது ஆள் இன்று நேற்று முளைத்தவர் அல்ல. நம் நாட்டுக்குப் பிழைக்க வந்தவர்களின் வரலாற்றில் அவர் இன்னும் பெரிய ஆள். அங்கே அவருடைய கையில் மொழி மட்டுமல்ல, வழியும் இருந்தது.

19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்ப் பக்கம் கரையிறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை என்று நடந்து மலைக்கு ஏறினார்கள். வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் வழியிலேயே பலரைக் கொன்றன. எத்தனை பேர் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் வாதம் உண்டு. தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு நோயில் விழுந்தவர்களை, வேலைக்கு உதவாதவர் என்று தோட்டத்தை விட்டே அனுப்பிய துரைமாரும் இருந்தார்கள். அப்படி அனுப்பப்பட்டவர்கள் தெருவோரத்திலும் கண்டி போன்ற பட்டணங்களிலும் கிடந்து இறந்தார்கள். இந்த நிலையில்தான் ஆங்கில அரசாங்கம் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென ஒரு கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆண்டு 1872. சாச்சி கட்டிய பவுண்களின் எண்ணிக்கையும் அதுவே. தற்செயல்தான், ஆனால் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதியபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

அந்தச் சட்டத்தாலும் அதைத் தொடர்ந்த சட்டங்களாலும் தோட்டப் பிரதேசங்களுக்கு மாவட்ட வைத்திய அதிகாரிகளும் ஆஸ்பத்திரிகளும் வந்தன. செலவைத் தோட்டங்கள் சுமக்க வேண்டியிருந்தது. நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் யாருக்குக் கடும் நோய், யாரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று பார்க்கும் பொறுப்பு தோட்டத்துத் துரையின் கையில் இருந்தது. துரையிடம் போவதென்றால் கங்காணி சொல்ல வேண்டும். கங்காணிக்கோ ஆளைக் கொண்டுவந்த கடன் கணக்கு இருந்தது. அவர் கீழே இருந்த ஆள் ஒருநாள் படுத்தால் அவருக்கும் நட்டம். துரைமார் பேசிய தமிழ் என்ன தமிழ்? தோட்டத்துக்கு வரும் இளம் துரைமாருக்குத் தமிழ் பழக்க அச்சிட்ட கைநூல்களில் ஒன்றின் பெயரே ‘இங்கே வா’. ‘எங்கே நோகிறது?’ என்று ஒரு கைநூலுக்கு யாரும் பெயர் வைத்ததாக நான் காணவில்லை.

1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் சேவை தொடங்கிய பிறகு வருகிறவர்களை மண்டபம் முகாமில் சில நாட்கள் தடுத்துவைத்துப் பரிசோதித்தார்கள், அம்மைப்பால் குத்தினார்கள். அது இந்திய மண்ணில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம். நோய் இந்த நாட்டுக்குள் வராமல் இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். வந்தவரின் நோய் தீர வேண்டும் என்பது அதற்கு இரண்டாம் பட்சம். 1983க்குப் பிறகு இங்கிருந்து உயிர் தப்பிக் கடல் கடந்தவர்களில் பலர் முதலில் போய் இறங்கியதும் அதே மண்டபம் முகாமில்தான்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்தத் தொழிலாளரின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் நாடற்றவர் ஆக்கியது. நாட்டிலுள்ள மற்றவர்களுக்கு அரசாங்க வைத்தியம் விரிந்துகொண்டு போன காலத்தில் அவர்களுக்குத் தோட்டத்து மருந்துச்சாலைதான் முதல் வாசல். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகும், பின்னர் கம்பனிகளிடம் போன பிறகும் அது முற்றாக மாறவில்லை. பிரசவ வேதனையோடு இருந்த பெண்களைத் தோட்ட லொறியில் ஏற்றிக்கொண்டு போன கதை மலையகத்து வீடுகள் பலவற்றில் உண்டு. லொறி புறப்பட வேண்டுமானால் ஒருவர் ‘சரி’ சொல்ல வேண்டும். குடியுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு பெருமளவு தீர்ந்தது. நான்கைந்து தலைமுறை ஆன பின்னும் அவர்கள் வந்தவர்கள்போலவே நடத்தப்பட்டதற்கு இது ஒரு சான்று.

இனி, இங்கிருந்து போகிறவர்கள். லண்டன், கனடா என்று பேசும்போது நாம் மறந்துவிடுகிற பெண்கள் உண்டு. கொட்டாஞ்சேனையில் என் வாப்பும்மாவின் ஒழுங்கையில் இடியப்பம் அவித்து விற்கும் ஒரு ராத்தா ரியாத்தில் ஆறு வருடம் வீட்டு வேலை செய்தவர். அவரிடம் இரண்டு பின்னேரம் உட்கார்ந்து பேசினேன்.

போகுமுன் கொழும்பில் அவரை ஒரு வைத்திய நிலையத்துக்குக் கூட்டிப்போய் இரத்தம், சலம், நெஞ்சுப் படம் என்று எல்லாம் பார்த்தார்களாம். கர்ப்பமா என்றும் பார்த்தார்களாம். “அதுக்குப் பொறகு ஆறு வருஷத்துல என்னைய ஒரு டொக்டர் தொட்டுப் பார்த்தது ஒரே ஒரு தரம்தான்” என்றார். மண்டபம் முகாம் எனக்கு நினைவுக்கு வந்தது. ஆள் நோயோடு வரக்கூடாது என்பதில் இருக்கும் கவனம், வந்த ஆளுக்கு நோய் வந்தால் இருப்பதில்லை.

இரண்டாம் வருடம் அவருக்குப் பித்தப்பையில் கல். அப்போது அது கல் என்று யாருக்கும் தெரியாது. சாப்பிட்டதும் வலப்பக்கம் பிடித்து இழுக்கும். வீட்டுக்காரியிடம் சொன்னால் பனடோல் தருவார். வீட்டுக்காரியை ‘மாமா’ என்றுதான் கூப்பிட வேண்டுமாம்; அரபில் அது அம்மா. “மாமா பனடோல் தந்தா என்று ஊருக்குக் கோல் எடுத்துச் சொன்னா, எந்த மாமாடி என்று உம்மா கேக்குறா” என்று சொல்லி அவரே சிரித்தார். கடவுச்சீட்டும் இக்காமா அட்டையும் வீட்டுக்காரரின் அலுமாரியில். தனியாக வெளியே போகக்கூடாது. வைத்தியசாலைக்குப் போக வேண்டுமானால் அட்டை வேண்டும், வாகனம் வேண்டும், வீட்டுக்காரருக்கு நேரம் வேண்டும். எட்டு மாதம் கழித்து ஒரு நாள் மயங்கி விழுந்த பிறகு கூட்டிப்போனார்கள். வைத்தியர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னவர் வீட்டுக்காரி. எவ்வளவு நாளாக என்று கேட்டதற்கு அவர் ‘யவ்மைன்’, அதாவது இரண்டு நாள், என்றாராம். அந்தச் சொல் ராத்தாவுக்கு விளங்கியது. “குர்ஆன்ல வாற சொல்லுதானே, மகள். விளங்கிச்சு. ஆனா எட்டு மாசம் என்று திருப்பிச் சொல்ல எனக்கு அரபு வரல்ல.”

இந்த வார்த்தை என்னை விட்டுப் போகவே இல்லை. ஐந்து வயதிலிருந்து ஓதிய மொழி. அதில் எத்தனையோ சூராக்கள் அவருக்கு மனப்பாடம். ஷிஃபா கேட்டு அந்த மொழியில்தான் துஆச் செய்கிறார். அதே மொழியில், தன் விலாவில் எட்டு மாதமாக நோகிறது என்று சொல்ல அவரால் முடியவில்லை.

அந்த வீட்டுக்காரி கெட்டவர் அல்ல என்று ராத்தா திரும்பத் திரும்பச் சொன்னார். ஓபரேசன் செலவு முழுவதையும் அவர்கள்தான் கொடுத்தார்களாம். எட்டு மாதம் என்று சொன்னால் வைத்தியர் தம்மைத் திட்டுவார் என்ற பயத்தில் சொல்லியிருப்பார் என்று ராத்தாவே நியாயமும் சொன்னார். நான் ஒன்றும் பேசவில்லை. நானும் வெட்கத்தில்தான் ‘பட ரிதெனவா’ என்றேன்.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. முதன்முறை வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு அது பயிற்சி வகுப்பு நடத்துகிறது. கொஞ்சம் அரபும் படிப்பிக்கிறார்கள். ராத்தா படித்தது சமையலறைச் சாமான்களின் பெயர், ‘கொண்டு வா’, ‘கழுவு’ போன்றவை. ‘இங்கே வா’ கைநூலின் மறுபக்கம் என்று எனக்குத் தோன்றியது. குவைத் 2015இல் வீட்டுப் பணியாளருக்கெனத் தனிச் சட்டம் ஒன்றை இயற்றி, வைத்திய சிகிச்சை முதலாளியின் பொறுப்பு என்று எழுதியது. எழுதியது நல்லது. ஆயினும் வைத்தியம் முதலாளியின் பொறுப்பு என்றால், வைத்தியரிடம் போகும் வழியும் முதலாளியின் வீட்டுக்குள்ளாலேதான் போகும். 1872இன் துரைக்கும் இதற்கும் இடையில் தூரம் அதிகமில்லை.

ஐந்தாவது ஆளை முற்றாக இல்லாமல் செய்ய முடியாது. ஆளை மாற்றலாம். அவுஸ்திரேலியா 1973இலேயே தொலைபேசி வழி உரைபெயர்ப்புச் சேவையைத் தொடங்கிவிட்டது; இன்று அதில் தமிழும் உண்டு. அப்படியான சேவையில் இருப்பவர் நோயாளியின் சம்பளக்காரரும் அல்ல, பிள்ளையும் அல்ல. கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதும், கேட்டதை வெளியே பேசாமல் இருப்பதும் அவருடைய தொழில். ஆனால் அவருக்கு நம் தமிழும் தெரிய வேண்டும், வேண்டும்போது பெண்ணாகவும் இருக்க வேண்டும். சாச்சிக்கு நான் சொன்னது அதுதான். இலங்கைத் தமிழ் தெரிந்த பெண் ஒருவர் வேண்டும் என்று பதியும்போதே கேளுங்கள், கிடைக்காவிட்டாலும் கேட்டது கோப்பில் இருக்கும் என்றேன். கேட்டார். இரண்டாம் தடவை கிடைத்தவர் வவுனியாக்காரியாம்.

நம்மிடமும் வருகிறார்கள் என்பதை மறக்கக்கூடாது. அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இலங்கை கையொப்பமிடவில்லை. ஆயினும் பாகிஸ்தானிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் தப்பிவந்த குடும்பங்கள் நீர்கொழும்புப் பக்கம் வருடக்கணக்காக இருந்திருக்கின்றன. 2024 டிசம்பரில் ரோஹிங்கியர் 100 பேருக்கு மேல், சிறு பிள்ளைகளும் சேர்த்து, ஒரு படகில் முல்லைத்தீவுக் கரைக்கு வந்தார்கள். அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டில் எல்லோரும் துஆச் செய்தோம், உடுப்பு சேர்த்தோம். ரோஹிங்கிய மொழி பேசும் ஒரு பெண் இந்த நாட்டில் இருக்கிறாரா என்று நான் வாப்பாவிடம் கேட்டேன். வாப்பா யோசித்துவிட்டு, உருது தெரிந்த மௌலவிமார் இருக்கிறார்கள், ஏதோ விளங்கிக்கொள்வார்கள் என்றார். இருக்கிறார்கள்தான். ஆனால் ஒரு பெண் தனக்கு இரத்தம் போவதை மௌலவி ஒருவரிடம் சொல்வாளா? உம்மம்மா சொந்தப் பேத்தியிடம் சொன்னதே இருட்டில்தான்.

போன வருடம் உம்மம்மாவைத் திரும்பவும் கொழும்பில் கிளினிக்குக்குக் காட்ட வேண்டிவந்தது. இம்முறை போகுமுன் எங்கள் மாடி வீட்டுக்குக் கீழே இருக்கும் சிங்களத் தாதியிடம் போய், வைத்தியரிடம் சொல்ல வேண்டிய சொற்களை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். இரத்தம் போகிறது, எத்தனை நாளாக, எந்த நிறம், கட்டியாகவா, நோவு இருக்கிறதா. அவர் எனக்கு இரண்டு முறை சொல்லிக்காட்டச் சொன்னார். அந்தக் கடதாசியைக் கிளினிக் கொப்பியின் பின்னட்டையில் ஒட்டியிருக்கிறேன். உம்மம்மாவுக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து. ஆனாலும் வைத்தியரின் அறைக்குள் போனதும், என்னைப் பார்க்காமல், கொப்பியைத் திருப்பி அந்தப் பக்கத்தை அவர் கையில் தானே கொடுத்தார்.